மலைப்பூ மணலில் பூப்பது ஏன்?

தஞ்சாவூர்ப் பக்கத்து மாணவர்களிடம் “உங்கள் ஊரில் காடு எங்கே இருக்கிறது?” என்று கேட்டுப் பாருங்கள். சிரிப்பார்கள். கல்லணையைத் தாண்டிவிட்டால் கண்ணுக்கு எட்டிய தூரம் வயல்தான். வயலை விட்டால் வாய்க்கால். வாய்க்காலை விட்டால் தென்னந்தோப்பு, மூங்கில் கொத்து, குளக்கரை அரசமரம். காட்டைப் பார்க்க வேண்டுமானால் கொல்லிமலைக்குப் போக வேண்டும், ஏற்காட்டுக்குப் போக வேண்டும் என்பதுதான் நம் எண்ணம்.

ஆனால் காவிரி டெல்டாவுக்கும் ஒரு காடு உண்டு. அது மலையில் இல்லை. டெல்டாவின் தென்கிழக்கு மூலையில், நிலம் முடிந்து கடல் தொடங்கும் கோடியில் இருக்கிறது. அதனால்தான் அதற்குக் கோடியக்கரை என்று பெயர். பக்கத்து ஊரான வேதாரண்யத்தின் பழைய பெயர் திருமறைக்காடு. பெயருக்குள்ளேயே காடு இருக்கிறது, பாருங்கள். 1991 வரை இது தஞ்சாவூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. இப்போது நாகப்பட்டினம் மாவட்டம். வெளிமான்களைக் காப்பதற்காக 1967இல் இதைச் சரணாலயமாக அறிவித்தார்கள். 2002இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த நீர்நிலங்களின் ராம்சார் பட்டியலிலும் இது இடம்பெற்றது. இங்கே வருகிறவர்களில் பெரும்பாலோர் மானையும் பூநாரையையும் பார்க்க வருகிறார்கள். நாங்கள் சென்ற கார்த்திகை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் போனது பூப் பார்க்க.

எந்தப் பூ? காந்தள்.

தமிழ் வகுப்பில் இந்தப் பெயரைக் கேட்டிருப்பீர்கள். கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களின் பட்டியல் ஒன்று வருகிறது. அந்தப் பட்டியல் தொடங்குவதே செங்காந்தளில்தான். சங்கப் புலவர்கள் நிலத்தை ஐந்தாகப் பிரித்தபோது காந்தளை மலையும் மலைசார்ந்த இடமுமான குறிஞ்சிக்குக் கொடுத்தார்கள். கடலும் கடல்சார்ந்த இடமுமான நெய்தலுக்கு வேறு பூக்கள். அப்படியிருக்க, கடல்மட்டத்துக்குச் சில மீட்டர் மேலே, அலைச் சத்தம் கேட்கிற மணலில் இந்த மலைப்பூவுக்கு என்ன வேலை? அதைவிடப் பெரிய கேள்வி இது: மலையிலும் இருக்கிறது, கடற்கரையிலும் இருக்கிறது, இரண்டுக்கும் நடுவே பரந்து கிடக்கும் நம் வயல்வெளியில் மட்டும் ஏன் இல்லை?

இந்தக் கேள்விக்கு விடை தேடித்தான் புறப்பட்டோம். பன்னிரண்டு மாணவர்கள், கல்லூரியில் தாவரவியல் சொல்லித் தரும் நண்பர் ஒருவர், நான். “பௌதிகக்காரருக்குப் பூக்காட்டில் என்ன வேலை?” என்று வேனில் ஏறும்போதே நண்பர் கிண்டலை ஆரம்பித்துவிட்டார். அவருக்குப் பதில் சொல்லும் சந்தர்ப்பம் வழியிலேயே கிடைத்தது.

இரண்டு புட்டிகள் சொன்ன செய்தி

தஞ்சாவூரிலிருந்து மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி வழியாக வேதாரண்யம். அங்கிருந்து அகத்தியம்பள்ளி, கோடியக்காடு, கோடியக்கரை. மொத்தம் நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல். விடியற்காலை ஐந்து மணிக்கே கிளம்பிவிட்டோம். மன்னார்குடியைத் தாண்டி வெளிச்சம் வந்தபோது இரு பக்கமும் சம்பாப் பயிர் பச்சையாக நின்றது. முதல்நாள் பெய்த மழை வயலில் அப்படியே தேங்கியிருந்தது. வேதாரண்யத்தை நெருங்க நெருங்கக் காட்சி மாறியது. நெல் குறைந்து சவுக்கும் மாவும் தென்னையும் முல்லைக் கொல்லையும் வந்தன. இங்கேயும் முதல்நாள் மழைதான். ஆனால் தரையில் ஒரு சொட்டுத் தண்ணீர் நிற்கவில்லை.

மாணவர்களைச் சும்மா உட்கார விடக்கூடாது என்று, மன்னார்குடிப் பக்கத்தில் வண்டியை நிறுத்தி வயலோரத்து வண்டல் மண்ணை ஒரு பையில் எடுத்து வந்திருந்தோம். வேதாரண்யத்துக்குத் தெற்கே ஒரு டீக்கடை வாசலில் மணலையும் எடுத்தோம். இரண்டு பிளாஸ்டிக் தண்ணீர்ப் புட்டிகளின் அடியை வெட்டித் தலைகீழாகப் பிடித்து, வாயில் துணி கட்டி, ஒன்றில் மணலும் மற்றொன்றில் வண்டலும் நிரப்பினோம். இரண்டிலும் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றினோம். டீ குடித்து முடிப்பதற்குள் மணலின் வழியாகத் தண்ணீர் வடிந்துவிட்டது. வண்டலின் மேல் நின்ற தண்ணீர் அப்படியே நின்றது. மாலையில் திரும்பும்போதும் வண்டிக்குள் அந்தப் புட்டியில் பாதித் தண்ணீர் இருந்தது. இந்தச் சோதனையை நீங்கள் வீட்டிலேயே செய்யலாம். செலவு ஒன்றும் இல்லை.

காரணம் துகளின் அளவு. களிமண் துகளின் விட்டம் 0.002 மில்லிமீட்டருக்கும் குறைவு. சாதாரண மணல் துகளின் விட்டம் 0.2 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அதாவது மணல் நூறு மடங்கு பெரியது. துகள்களுக்கு நடுவே உள்ள சந்துகளும் ஏறத்தாழ அதே விகிதத்தில் பெரியவை. ஆனால் தண்ணீர் ஓடும் வேகம் நூறு மடங்கு கூடுவதில்லை. மெல்லிய சந்துகளில் திரவம் ஓடும்போது அதன் ஓட்டம் விட்டத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். நூறின் இருமடி பத்தாயிரம். மணலில் ஒரு நிமிடத்தில் வடிவது களிமண்ணில் வடியப் பத்தாயிரம் நிமிடம், அதாவது ஏறத்தாழ ஏழு நாள் ஆகும். நெல் விளைவிக்கிறவருக்கு இது வரம். அதனால்தான் டெல்டா டெல்டாவாக இருக்கிறது.

ஆனால் மண்ணுக்குள் இருக்கும் கிழங்குக்கு? கிழங்கும் வேரும் உயிருள்ளவை; அவை மூச்சு விட வேண்டும், அதற்கு ஆக்சிஜன் வேண்டும். மண்ணின் சந்துகளில் காற்று இருந்தால் ஆக்சிஜன் எளிதாகப் பரவி வந்து சேரும். சந்துகள் முழுக்கத் தண்ணீராக இருந்தால் அது பரவும் வேகம் பத்தாயிரத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது. நெற்பயிர் இதற்கு ஒரு தந்திரம் வைத்திருக்கிறது. அதன் தண்டிலும் வேரிலும் காற்றுக் குழாய்கள் உண்டு. மேலே இலை வாங்கும் காற்று அவற்றின் வழியாக வேருக்கு இறங்குகிறது. காந்தள் கிழங்குக்கு அந்த வசதி இல்லை. நான்கு நாள் தண்ணீர் கட்டினால் அழுகிப்போகும்.

இப்போது மலையை நினைத்துப் பாருங்கள். சரிவில் விழுந்த மழை நிற்பதில்லை, ஓடிவிடுகிறது. மணலில் விழுந்த மழையும் நிற்பதில்லை, இறங்கிவிடுகிறது. உயரம் நமக்குத்தான் பெரிய விஷயம். கிழங்குக்கு வேண்டியது வடிகால். அந்தக் கணக்கில் கொல்லிமலைச் சரிவும் கோடியக்கரை மணலும் பக்கத்துப் பக்கத்து வீடுகள்.

தாவரவியல் நண்பர் இதை முழுதாக ஒப்புக்கொள்ளவில்லை. “வடிகால் சரி. ஆனால் ஆயிரம் இரண்டாயிரம் வருஷமாக உழுதுகொண்டே இருக்கிற நிலத்தில் எந்தக் காட்டுக் கிழங்கு பிழைக்கும்? ஏர் படாத இடம் மலையும் மணலும்தானே?” என்றார். நியாயமான பேச்சு. இரண்டு காரணமும் சேர்ந்தே வேலை செய்திருக்க வேண்டும்.

உப்புக்கு மேலே மிதக்கும் நல்ல தண்ணீர்

அகத்தியம்பள்ளியில் உப்பளங்கள். 1930 ஏப்ரலில் ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்து வந்து உப்புச் சட்டத்தை மீறியது இந்த வட்டாரத்தில்தான். மழைக்காலமாதலால் பாத்திகள் ஓய்ந்து கிடந்தன. ஒரு பக்கம் உப்பளம், மறுபக்கம் கடல். “இத்தனை உப்புக்கு நடுவே காடு எப்படி சார் வளருது?” என்று ஒரு மாணவன் கேட்டான். கேட்க வேண்டிய கேள்விதான்.

விடை மிதப்பு விதியில் இருக்கிறது. மணல்மேட்டில் பெய்த மழை நேராகக் கீழே இறங்குகிறது. அடியில் கடலிலிருந்து ஊறி வந்த உப்புநீர் இருக்கிறது. ஒரு கன மீட்டர் நல்ல தண்ணீர் 1,000 கிலோ. அதே அளவு கடல்நீர் 1,025 கிலோ. இலேசான நல்ல தண்ணீர் கனமான உப்புநீரின் மேல், கடலில் பனிப்பாறை மிதப்பதுபோல, மிதந்து நிற்கிறது. எவ்வளவு ஆழத்துக்கு? கடல்மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் நல்ல தண்ணீர் இருக்கிறது என்றும், கீழே அது h மீட்டர் இருக்கிறது என்றும் கொள்ளுங்கள். இரண்டு பக்கத்து அழுத்தமும் சமமாக வேண்டுமானால் 1,025 x h = 1,000 x (h + 1). கணக்குப் போட்டால் h = 40. மேலே ஒரு மீட்டருக்குக் கீழே நாற்பது மீட்டர்! இது பரந்த மணல் தீவுக்கான இலட்சியக் கணக்கு. குறுகிய மணல்மேட்டில் இவ்வளவு இராது. ஆனாலும் இந்த வட்டாரத்தில் மணலைத் தோண்டிக் குட்டை வெட்டி, கடலுக்கு இவ்வளவு அருகிலும் நல்ல தண்ணீர் எடுத்துப் பயிர் செய்ய முடிவது இந்த விதியினால்தான்.

இந்த ஏற்பாடு நிலைக்க வேண்டுமானால் ஒவ்வோர் ஆண்டும் மழை வந்து மேலே ஊற்ற வேண்டும். இங்கே ஆண்டு மழையில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவக்காற்றில் கிடைக்கிறது. காந்தள் கிழங்கு முளை விடுவதும் அந்த மழையை வைத்துத்தான். கார்த்திகைப்பூ என்ற பெயரிலேயே தேதி இருக்கிறது.

காட்டின் கூரையை அளந்தோம்

வனத்துறையிடம் முன்பே அனுமதி வாங்கியிருந்தோம். வனக்காவலர் ஒருவர் உடன் வந்தார். காடு என்றதும் வானளாவிய மரங்களை எதிர்பார்த்த மாணவர்களுக்கு முதலில் சற்று ஏமாற்றம். இது உலர் பசுமைமாறாக் காடு. மரங்கள் குட்டை, ஆனால் இலை அடர்த்தி. இதில் முதன்மையானது பாலை மரம். சிறிய, தடித்த, மினுமினுப்பான இலை. கோடையில் ஏழெட்டு மாதம் மழையில்லாமல் உப்புக்காற்றில் நிற்க வேண்டிய மரத்துக்கு அப்படிப்பட்ட இலைதான் பொருந்தும். அடியில் களா, காரை, முள்சங்கு என்று முட்புதர்கள்.

நிழலுக்குள் நுழைந்ததும் தரையெல்லாம் வட்ட வட்டமாக வெளிச்சப் புள்ளிகள். இலைகளுக்கு நடுவே உள்ள சந்துகள் கோணல்மாணலாக இருக்கின்றன; தரையில் விழும் வெளிச்சம் மட்டும் ஏன் வட்டம்? ஒவ்வொரு சந்தும் ஓர் ஊசித்துளைக் காமிரா. தரையில் விழுவது சந்தின் வடிவம் அன்று, சூரியனின் பிம்பம்! 2019 டிசம்பர் 26ஆம் தேதி திருச்சி, கரூர், திண்டுக்கல் பக்கங்களில் வளையச் சூரிய கிரகணம் தெரிந்தபோது மரத்தடியில் வளையல் வளையலாக வெளிச்சம் விழுந்ததை உங்கள் அண்ணன்மார், அக்காமார் பார்த்திருக்கலாம்.

சூரியனின் தூரம் அதன் விட்டத்தைப்போல் ஏறத்தாழ 107 மடங்கு. எனவே தரையில் விழுந்த பிம்பத்தின் விட்டத்தை 107ஆல் பெருக்கினால் துளை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று தெரிந்துவிடும். வெயில் சாய்ந்து விழுவதால் பிம்பம் முட்டை வடிவமாகத் தெரியும். அதன் குறுகிய விட்டத்தை அளக்க வேண்டும். மாணவர்கள் ஸ்கேலை வைத்து அளந்தார்கள்: 5 செ.மீ. அப்படியானால் சாய்வாக 535 செ.மீ. தூரம். நண்பகல் நேரம், கார்த்திகைச் சூரியன் அடிவானத்திலிருந்து சுமார் 57 பாகை உயரத்தில். சைன் மதிப்பு 0.84. காட்டின் கூரை நாலரை மீட்டர் உயரம்! மரம் ஏறாமல், நாடா இல்லாமல் அளந்துவிட்டோம். “பௌதிகக்காரருக்கும் காட்டில் கொஞ்சம் வேலை இருக்கிறது” என்று நண்பர் ஒப்புக்கொண்டார்.

இந்த வெளிச்சப் புள்ளிகளை நான் பெரிதாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. திறந்த வெளியில் நண்பகல் வெளிச்சம் ஏறத்தாழ ஒரு லட்சம் லக்ஸ். இலைக்கூரைக்கு அடியில் அதில் நூற்றில் சில பங்குதான். பூவுக்கு இது போதாது. காலையிலிருந்து காட்டுக்குள் நடந்தும் காந்தள் கண்ணில் படாமல் போனது இதனால்தான். பூத் தேடுகிறவர்கள் காட்டின் நடுவே தேடக் கூடாது. ஓரத்தில் தேட வேண்டும்.

காலை நடையில் வேறு பூக்கள் கிடைத்தன. பாதையோர மணலில் விரல்நக அளவு நீலப் பூவாக விஷ்ணுகிராந்தி, அடர்நீலத்தில் கானாவாழை, வெள்ளைத் தும்பை, கடற்கரைப் பக்கம் ஊதா நிறத்தில் அடும்பு. கானாவாழைப் பூவை நண்பகலில் திரும்பி வந்து பார்த்தால் சுருண்டு போயிருந்தது. அதற்குக் காலை மட்டுமே கடைதிறப்பு.

ஓரத்தில் ஒரு தீக்கொழுந்து

சற்று நேரம் கழித்து, காடு முடிந்து புல்வெளி தொடங்கும் இடத்தில், களாப் புதர் ஒன்றின் மேல் தீப்பிடித்தாற்போல் தெரிந்தது. மாணவர்களில் சிறியவன்தான் முதலில் பார்த்தான். “சார்! நெருப்பு!” என்றே கத்தினான்.

ஒரே கொடியில் மூன்று வயதுப் பூக்கள். ஒன்று அன்று மலர்ந்தது. பச்சையும் மஞ்சளுமாக இருந்தது. அடுத்தது பாதி மஞ்சள், பாதி சிவப்பு. மூன்றாவது முழுச் சிவப்பு. பூ பழகப் பழகப் பச்சையம் மறைகிறது, அந்தோசயனின் என்னும் செந்நிறப் பொருள் சேர்கிறது. ஆறு இதழ்களும் அலை அலையாக நெளிந்து, மேல்நோக்கி மடங்கி நிற்கின்றன. பூவோ தலைகீழாகத் தொங்குகிறது. கவிழ்த்த கைவிரல்களைப் பின்னுக்கு மடக்கினால் எப்படியிருக்கும், அப்படி. பெண்களின் விரலைக் காந்தளுக்கு உவமை சொன்ன பழம்புலவர்கள் பூவை உற்றுப் பார்த்துத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

இதற்குத் தனியாகப் பற்றுக்கம்பி கிடையாது. இலையின் நுனியே நீண்டு சுருள்கிறது. சுருள் ஒரு குச்சியில் பட்டதும், படாத பக்கத்துச் செல்கள் வேகமாக நீளுகின்றன. அதனால் இலைநுனி குச்சியைச் சுற்றி வளைகிறது. சார்லஸ் டார்வின் ஏறுகொடிகளைப் பற்றி எழுதி 1875இல் நூலாக வெளியிட்டதில் காந்தள் இனத்துக் கொடி ஒன்றின் அசைவையும் ஆராய்ந்திருக்கிறார்.

நூல்போன்ற அந்த இலைநுனி புயல்மழையில் கொடியைத் தாங்குமா? கோடியக்கரை மீனவர்கள் படகைக் கட்டும் விதத்தைப் பாருங்கள். கயிற்றைக் கட்டையில் இரண்டு சுற்றுச் சுற்றி முனையை ஒரு பையன் பிடித்துக்கொண்டால் போதும், படகு நகராது. உராய்வு எண் 0.3 என்று கொண்டால், ஒரு சுற்றுக்குப் பிடிப்பு ஏறத்தாழ 6½ மடங்காகிறது. இரண்டு சுற்றுக்கு 13 மடங்கு என்று நினைக்காதீர்கள். 6½ பெருக்கல் 6½, அதாவது 40 மடங்குக்கு மேல்! மூன்று சுற்றுக்கு 280 மடங்கைத் தாண்டுகிறது. நாங்கள் பார்த்த இலைநுனிகள் பெரும்பாலும் இரண்டு, மூன்று சுற்றுச் சுற்றியிருந்தன.

இனி பூவின் நடுவே பாருங்கள். ஆறு மகரந்தத் தண்டுகளும் சக்கரத்து ஆரக்கால்போலப் பக்கவாட்டில் நீண்டு நிற்கின்றன. சூல்தண்டு இன்னும் வேடிக்கை. அடியிலேயே ஒரு செங்கோணம் திரும்பி, பூவை விட்டு விலகிப் போகிறது. இது ஏன் என்று பலருக்கும் புதிராக இருந்தது. தேன் இதழின் அடியில் இருக்கிறது. தேனுக்கும் மகரந்தத்துக்கும் நடுவே நல்ல இடைவெளி. சிறு பூச்சி வந்தால் தேனைக் குடித்துவிட்டு எதையும் தொடாமல் போய்விடும். அகலமான சிறகுள்ள ஒன்று வந்தால்தான் சிறகு மகரந்தப்பையில் உரசும். தென்னாப்பிரிக்காவில் இதே பூவை ஆராய்ந்தவர்கள் பட்டாம்பூச்சியின் சிறகே மகரந்தத்தைச் சுமந்து போவதை 2020இல் வெளியிட்டார்கள். காலிலோ முகத்திலோ மகரந்தம் ஒட்டுவது வழக்கம். சிறகில் ஒட்டுவது அபூர்வம். நாங்கள் அரைமணி நேரம் புதர் முன்னால் அசையாமல் உட்கார்ந்திருந்தோம். பெரிய கறுப்புப் பட்டாம்பூச்சி ஒன்று வந்தது. சிறகடித்தபடியே தேன் குடித்தது.

சிவப்பு நிறமும் இதோடு பொருந்துகிறது. நம் கண் ஏறத்தாழ 400 முதல் 700 நானோமீட்டர் வரை அலைநீளமுள்ள ஒளியைப் பார்க்கும். தேனீயின் கண் 300இல் தொடங்கி 650இல் முடிந்துவிடுகிறது. புறஊதாவைப் பார்க்கும்; நல்ல சிவப்பு அதற்குக் கிட்டத்தட்ட இருட்டு. இதைச் சோதனை செய்து காட்டிய கார்ல் வான் ஃபிரிஷ் 1973இல் நோபல் பரிசு பெற்றவர்களில் ஒருவர். பட்டாம்பூச்சிகளில் பல இனங்களுக்குச் சிவப்பு நன்றாகத் தெரியும்.

கண்வலியும் கால்வலியும்

பூவருகே குனிந்த மாணவனை வனக்காவலர் தடுத்தார். “பாத்துக்க தம்பி, கையில எடுக்காத. எடுத்த கையோட கண்ணத் தேய்ச்சியோ, வாயில வெச்சியோ, ஆபத்து.”

கண்வலிக்கிழங்கு, கண்வலிப்பூ என்றும் இதற்குப் பெயர் இருக்கிறது. இந்தப் பூவைப் பார்த்தாலே கண் வலிக்கும் என்று சில ஊர்களில் சொல்வார்கள். பூ செய்வது தன்மேல் விழுந்த வெயிலில் ஒரு பங்கைத் திருப்பி அனுப்புவது மட்டுமே. அதனால் யார் கண்ணும் வலிக்காது. தாராளமாகப் பாருங்கள். ஆனால் தொட வேண்டாம் என்பது மூடநம்பிக்கை அன்று. கிழங்கு, விதை, எல்லாப் பாகமும் கடும் விஷம். விஷத்தின் பெயர் கோல்சிசின். கருங்கடல் பக்கத்துச் செடி ஒன்றின் பெயரால் வந்தது. 1820இல் பிரான்சில் பெல்த்தியே, கவாந்து என்ற இரண்டு வேதியியலார் பிரித்தெடுத்தார்கள்.

செல் ஒன்று இரண்டாகப் பிரியும்போது குரோமோசோம்களை இரு பக்கமும் இழுத்துப் போகும் நுண்ணிய இழைகள் உண்டு. கோல்சிசின் அந்த இழைகளைக் கட்டவிடாது. பிரிதல் பாதியில் நின்றுவிடும். அளவு மீறினால் உயிர் போவது இதனால்தான். அதே குணத்தை மனிதன் பயன்படுத்திக்கொண்டான். 1937இல் பிளேக்ஸ்லீ என்ற அமெரிக்க அறிஞரும் அவருடைய துணைவரும் கோல்சிசினால் செடிகளின் குரோமோசோம் எண்ணிக்கையை இரட்டிப்பாக்கலாம் என்று காட்டினார்கள். விதையில்லாத தர்ப்பூசணி அந்த வழியில் வந்ததே. கால் பெருவிரல் வீங்கிக் கடுக்கும் கீல்வாத நோய்க்கு மிகச் சிறிய அளவில் இது மருந்து. 2023இல் அமெரிக்காவில் இதய நோயாளிகளுக்கும் இதை அனுமதித்தார்கள்.

தோண்டிக்கொண்டு போனார்கள்

காந்தளுக்கு ஆபத்து வந்தது இந்த மருந்துக் குணத்தால்தான். விதைக்கு வெளிநாட்டில் நல்ல விலை. ஒட்டன்சத்திரம், மூலனூர், அரவக்குறிச்சிப் பக்கங்களில் பந்தல் போட்டுப் பயிரிடுகிறார்கள். அங்கே பட்டாம்பூச்சியை நம்பினால் போதிய காய் பிடிப்பதில்லை. ஆள் வைத்துக் காலையில் பூப்பூவாக மகரந்தத்தைத் தொட்டு வைக்கிறார்கள். சிறகு செய்யும் வேலைக்கு எத்தனை கைகள் தேவைப்படுகின்றன, பாருங்கள்! பயிரிட ஆரம்பித்தது நல்லதுதான். ஆனால் நடுவதற்குக் கிழங்கு எங்கிருந்து வரும்? காட்டிலிருந்தும் வேலியிலிருந்தும் தோண்டி எடுத்தார்கள்.

கோடியக்காட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கடைக்கார அம்மாவிடம் பேச்சுக் கொடுத்தேன். எழுபது வயதிருக்கும். “கலப்பக் கெழங்கா? அந்தக் காலத்துல வேலிக்கு வேலி கெடக்கும் தம்பி. ஆடு மாடு தின்னுருமோன்னு நாங்களே புடுங்கிப் போடுவோம். அப்புறம் வெல வருதுன்னாங்க, சாக்குல அள்ளிக்கிட்டுப் போனாங்க. இப்ப நீங்க வேன் வெச்சுக்கிட்டு வந்து பாக்குறீங்க” என்றார். அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

ஒரு கிழங்கைத் தோண்டினால் நஷ்டம் எவ்வளவு? கிழங்கு கலப்பை வடிவில் இரண்டு கவடாக இருக்கும். கவட்டின் நுனியில்தான் முளைக்கும் மொட்டு. நுனி ஒடிந்தால் அந்தக் கவடு வீண். ஆண்டுதோறும் பழைய கிழங்கு சுருங்கிப் புதியது உண்டாகும். உருளைக்கிழங்குபோல ஒன்று பத்தாகப் பெருகாது. விதையிலிருந்து வளர்ந்தாலோ பூக்க மூன்று நான்கு ஆண்டுகள் ஆகும். ஒரு பிற்பகலில் சாக்கில் போனதை மணல் திரும்பச் சேர்க்கப் பல கார்த்திகைகள் வேண்டும்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் அருகே கஜா புயல் கரை கடந்தது. கோடியக்கரைக் காட்டில் மரங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்தன. விழுந்த அடிமரங்களை இன்றும் காட்டுக்குள் காணலாம். கூரை பிரிந்த இடத்தில் வெளிச்சம் தரையைத் தொடுகிறது. ஓரத்தை விரும்பும் காந்தளுக்கு அது நல்லதுதானே என்று ஒரு மாணவி கேட்டாள். உண்மைதான், அப்படிப்பட்ட ஒரு திறப்பிலும் இரண்டு கொடிகளைப் பார்த்தோம். ஆனால் வெளிச்சத்தைக் கண்டு வருவது காந்தள் மட்டும் அன்று. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த சீமைக் கருவேலமும் வருகிறது. அதன் இனிப்பான காயை மானும் காட்டில் திரியும் குதிரையும் தின்று, விதையைச் சாணத்தோடு காடெங்கும் போடுகின்றன. பாலைக் கன்று மெதுவாக வளரும். கருவேலம் நாலைந்து மழையில் புதராகிவிடும். பாலை மறுபடி கூரை போடுவதற்குள் கருவேலம் முந்திக்கொண்டால் காட்டின் ஓரம் என்ற ஒன்றே இராது. வனத்துறை அதை வெட்டி அகற்றுகிறது. வேரோடு எடுக்காத இடத்தில் மறுபடி துளிர்க்கிறது. இந்தப் பந்தயத்தில் யார் ஜெயிப்பார் என்பது இன்னும் முடிவாகவில்லை.

மாலை நான்கு மணிக்குக் கிளம்பினோம். பாதையோரத்துத் துத்திச் செடிகளில் மஞ்சள் பூக்கள் அப்போதுதான் விரிந்துகொண்டிருந்தன. காலையில் இதே இடத்தில் மொட்டாகப் பார்த்தவை. மாணவர்கள் காந்தள் கொடி ஒவ்வொன்றும் எந்தப் புதரில், எத்தனை பூவோடு இருந்தது என்று நோட்டில் படம் போட்டு வைத்திருக்கிறார்கள். தையில் போனால் அங்கே பூ இராது. பச்சைக் காய் வெடித்துக் குங்கும நிற விதைகள் தெரியும். மாசியில் கொடியும் காய்ந்து உதிர்ந்துவிடும். அடுத்த கார்த்திகையில் அதே படத்தை எடுத்துக்கொண்டு அதே புதர்களைப் பார்ப்பதாக ஏற்பாடு. நீங்கள் போவதானால் ஐப்பசி மழை நன்றாக இரண்டு முறை பெய்த பிறகு, வனத்துறையிடம் கேட்டுக்கொண்டு போங்கள். காட்டின் ஓரத்தில் முட்புதர் உச்சியைப் பாருங்கள். பையில் இரண்டு புட்டியும் ஒரு ஸ்கேலும் இருக்கட்டும்.